ஆறில் ஒரு சுரம் விழாத ஜூனோ-106: ஒரு பழுதுநீக்க நிகழ்வு ஆய்வு

பின்னணி

உரிமையாளர் சென்னையில் மெல்லிசைக் குழுக்களுக்குக் கீபோர்டு வாசிப்பவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வீடு சாந்தோம் பக்கம், கடற்காற்று நேரே வந்து படும் இடம். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று பெரும்பாலும் 80களின் திரைப்பாடல்களையே வாசிக்கிறார். அந்தப் பாடல்களுக்குப் பின்னால் படர்ந்து நிற்கும் ஸ்ட்ரிங்ஸ், பேட் ஒலிகள் எல்லாம் அவருடைய மேடைக் கீபோர்டில் பதிவாக இருக்கின்றன. ஆனாலும், ஒலியை மின்சுற்றுகளாலேயே உருவாக்கும் அந்தக் காலத்து அனலாக் சின்தசைசர் ஒன்றைச் சொந்தமாக வைத்து வாசிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

ஜப்பானில் வேலை பார்க்கும் மைத்துனர் ஊருக்கு வந்தபோது, அங்கே ஒரு பழைய பொருள் கடையில் வாங்கிய ரோலண்ட் ஜூனோ-106 ஒன்றைக் கொண்டுவந்தார். 'இயங்கும் நிலையில் உள்ளது' என்று சொல்லித்தான் கடையில் விற்றிருக்கிறார்கள். ஆன் செய்தால் விளக்கு எரிந்தது, சத்தமும் வந்தது. அந்த அளவில் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை.

தேர்ந்தெடுத்த கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. 1978இல் வந்த புரொஃபெட்-5, 1981இல் வந்த ஜூபிடர்-8 போன்ற சின்தசைசர்கள் இன்று நடுத்தர வருமானக்காரர் நினைத்துப் பார்க்கும் விலையில் இல்லை. 1984இல் வெளிவந்த ஜூனோ-106 அப்போதே அவற்றைவிட எளிய விலைக்காக வடிவமைக்கப்பட்டது. ஆறு சுரங்களை ஒரே நேரத்தில் வாசிக்கலாம், 128 ஒலிகளைச் சேமிக்கலாம், மற்ற கருவிகளோடும் கணினியோடும் பேச மிடி இணைப்பும் உண்டு. சென்னைக்கு இது பொருந்தும் என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய சின்தசைசர்களில் பெரும்பாலானவை சூடேறினால் சுருதி நகரும். ஜூனோவில் சுர அதிர்வை ஒரு டிஜிட்டல் கடிகாரம் எண்ணித் தருகிறது. அதன்பின் வரும் அலைவடிவம், ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர், ஒலியளவு எல்லாம் அனலாக். அதனால் மே மாத வெக்கையிலும் சுருதி பிசகாது.

முதலில் கண்டவை

கருவியை என் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது அவர் சொன்னது இது: "அண்ணே, வாசிச்சிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு ஒரு நோட் விழ மாட்டேங்குது. அதே கட்டையைத் திரும்ப அழுத்தினா விழுது. கட்டைல கோளாறா, என் கைல கோளாறான்னே தெரியல."

ஜூனோ-106ஐக் கையாண்டவர்களுக்கு இந்த வாக்கியமே பாதி விடை. இதற்குள் ஆறு தனித்தனி ஒலிப்பாதைகள் இருக்கின்றன. அவற்றை வாய்ஸ் என்பார்கள். எந்தக் கட்டையை அழுத்தினாலும் அந்தச் சுரம் அடுத்து முறையில் இருக்கும் வாய்ஸுக்குப் போகும். பந்தியில் ஆறு பேர் முறைவைத்துப் பரிமாறும்போது ஒருவர் கை வெறுமையாக இருந்தால், ஆறாவது இலை ஒவ்வொன்றும் காலியாகவே நிற்பது போல, ஒரு வாய்ஸ் செத்துவிட்டால் அழுத்தும் கட்டைகளில் ஆறுக்கு ஒன்று ஊமையாகும். எந்தக் கட்டை என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால், வாசிப்பவர் தன் விரலையே சந்தேகப்படத் தொடங்குகிறார்.

'கீ டிரான்ஸ்போஸ்' பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் ஜூனோ-106 சோதனை முறையில் விழிக்கும். அப்போது ஒவ்வொரு கட்டைக்கும் எந்த வாய்ஸ் ஒலிக்கிறது என்ற எண் திரையில் தெரியும். அதில் கண்டது: நான்காம் வாய்ஸ் முழு ஊமை. இரண்டாம் வாய்ஸில் சுரத்தோடு சேர்ந்து கரகரப்பு. மற்ற நான்கும் நன்றாக இருந்தன. ஸ்லைடர்கள் சில, நகர்த்தும்போது ஒலி தாவும் அளவுக்குத் தூசி அடைந்திருந்தன. வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடான பின்பக்க ஹீட்சிங்கைத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு.

கடைசியாகச் சொன்னதுதான் என்னை நிறுத்தியது. அவர் கொண்டுவந்த புகார் வாய்ஸ் பற்றியது. ஆனால் வேலையை அங்கிருந்து தொடங்கவில்லை.

மின்சாரத்திலிருந்து தொடங்கியது

ஜப்பான் வீடுகளில் மின்னழுத்தம் 100 வோல்ட். நம் ஊரில் 230. உரிமையாளர் இதை அறிந்தே கடையில் ஒரு ஸ்டெப்டவுன் கன்வெர்ட்டர் வாங்கியிருந்தார். ஆனால் அது அமெரிக்கச் சாதனங்களுக்காக விற்கப்படும் 230/110 வகை. அவர் வீட்டில் மாலை நேரத்தில் லைன் 240 வரை ஏறுவது வழக்கம். அப்படியானால் கருவிக்குள் போவது ஏறக்குறைய 115 வோல்ட், அதாவது தேவைக்கு மேல் 15 சதவீதம்.

கருவி இதனால் உடனே எரிந்துவிடாது. அதனாலேயே பலர் கவனிப்பதில்லை. உள்ளே இருக்கும் பவர் சப்ளை பழைய லீனியர் வகை. கூடுதலாக வரும் அழுத்தத்தை எல்லாம் ரெகுலேட்டர் வெப்பமாக்கிக் கழித்துவிட்டு, போர்டுகளுக்கு +15, -15, +5 வோல்ட் மட்டுமே அனுப்பும். அளந்து பார்த்ததில் மூன்றும் சரியாகவே இருந்தன. ஆனால் அந்த வெப்பம் மூடிய பெட்டிக்குள்தான் தங்குகிறது. நாற்பது வயதான உறுப்புகளுக்கு அது நல்லதில்லை.

முதல் முடிவு: வேறு எதையும் தொடுவதற்கு முன் மின்சாரத்தைச் சரிசெய்வது. ரிச்சி தெருப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருபவரிடம் 230/100 அளவில் ஒன்று சொல்லிச் செய்தோம். இரண்டு சுற்றுகளும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒரே சுற்றில் இடையில் முனை எடுக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம் என்று குறிப்பாகக் கேட்டேன். இந்த ஜப்பானியக் கருவிக்கு எர்த் முனை இல்லாத இரண்டு கம்பி பிளக்தான். பழுது என்று வந்தால் லைன் மின்சாரம் நேரே கருவிக்குள் வர வழி இருக்கக் கூடாது. புதிய டிரான்ஸ்ஃபார்மரில் லைன் 240 ஆனாலும் கருவிக்கு 104 வோல்ட்தான் போகும். ஹீட்சிங்க் சூடு தொட்டுப் பார்க்கும் அளவுக்கு இறங்கியது.

பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்களையும், மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தேன். மின்னழுத்தத்தில் மிஞ்சும் சிற்றலை குறைவாகவே இருந்ததால் மாற்றவில்லை. பழையது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாக் கெப்பாசிட்டரையும் பிடுங்கிப் புதிது போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு சால்டர் வேலையும் போர்டுக்கு ஒரு காயம், காரணமில்லாமல் அதைச் செய்யக் கூடாது.

யாரோ ஒருவருடைய 128 ஒலிகள்

ஜூனோ-106 தன் ஒலிகளை ஒரு சி.ஆர்.2032 லித்தியம் பேட்டரியின் துணையோடு நினைவில் வைத்திருக்கிறது. பேட்டரி போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. மல்டிமீட்டர் 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டியது. புதிதாக இருந்தால் 3 காட்ட வேண்டும். மாற்றியே ஆக வேண்டும், மாற்றினால் நினைவு அழியும்.

உரிமையாளர், "ஃபாக்டரி சவுண்டே போட்டுடுங்க அண்ணே" என்றார். அது எளிதுதான். இந்தக் கருவி ஒலிகளைக் கேசட்டில் சேமித்து, கேசட்டிலிருந்து ஏற்றிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. தொழிற்சாலை ஒலிகளின் பதிவைக் கணினியிலிருந்து ஓடவிட்டால் போதும். ஆனால் உள்ளே இருந்தவை தொழிற்சாலை ஒலிகள் அல்ல. ஏ, பி என்று இரண்டு குழு, குழுவுக்கு எட்டு பேங்க், பேங்குக்கு எட்டு ஒலி. அவற்றில் பெரும்பாலானவற்றை ஜப்பானில் யாரோ ஒருவர் தன் கையால் உருவாக்கியிருந்தார். ஃபில்டர் மெல்லத் திறந்து வரும் பித்தளை வாத்திய ஒலி ஒன்று, ஒலியைப் படரவைக்கும் கோரஸ் விளைவின் இரண்டாம் நிலையில் காற்றோடு கலந்தது போன்ற ஸ்ட்ரிங்ஸ் ஒன்று. ஒருவர் பல மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தவை என்பது கேட்டாலே புரிந்தது.

அதனால் இரண்டாம் முடிவு: பேட்டரியைத் தொடுமுன் அந்த 128 ஒலிகளையும் கேசட்டில் சேமிக்கும் 'டேப் சேவ்' வசதி வழியாகக் கணினியில் பதிவு செய்து, கருவியின் சரிபார்ப்பு வசதியால் பதிவு பிழையில்லாமல் வந்திருக்கிறதா என்று உறுதிசெய்வது. அதன் பிறகே பழைய பேட்டரியை எடுத்து, அந்த இடத்தில் பேட்டரி ஹோல்டர் ஒன்றைப் பொருத்தினேன். இனி மாற்றுவதற்குச் சால்டரிங் தேவையில்லை. பதிவைத் திரும்ப ஏற்றியதும் எல்லா ஒலியும் வந்து சேர்ந்தது. பழைய சின்தசைசரைத் திறக்கும் எவரும் இந்த ஒரு படியைத் தாண்டிப் போகக் கூடாது என்பேன். ஒரு கலைஞரின் உழைப்பு ஒரு பொத்தான் பேட்டரியின் ஆயுளை நம்பி இருக்கிறது.

கோளாறு எந்த இடத்தில்

ஒவ்வொரு வாய்ஸுக்கும் 80017ஏ என்ற ஒரு கருப்புச் சிப் உண்டு. ஃபில்டரும் ஒலியளவுக் கட்டுப்பாடும் அதற்குள் இருக்கின்றன. பெயருக்குச் சிப் என்றாலும் உண்மையில் அது ஒரு சிறு பலகை. மேலே நுண்ணிய உறுப்புகளைப் பொருத்தி, எல்லாவற்றையும் கருப்பு எபாக்ஸியில் முக்கியெடுத்திருக்கிறார்கள். காலப்போக்கில் அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்குகிறது. உறுப்புகளுக்கு இடையே போகக் கூடாத வழியில் மின்சாரம் போக, வாய்ஸ் ஊமையாகும், கரகரக்கும், அல்லது கையை எடுத்த பிறகும் ஒலித்துக்கொண்டே இருக்கும். இதற்கு முந்தைய ஜூனோ-60இல் இதே வேலையைத் தனித்தனிச் சிப்புகள் செய்ததால் அங்கே இந்த நோய் இல்லை.

ஆனாலும் 'ஜூனோ-106 என்றாலே 80017ஏ தான்' என்று முடிவு கட்டிவிடுவது சரியில்லை. அலைவடிவம் தரும் எம்.சி.5534ஏ சிப் கெட்டிருக்கலாம். அது மூன்றுதான் இருக்கும், ஒன்று இரண்டு வாய்ஸுக்கு. கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைப் பங்கிட்டு அனுப்பும் பகுதி கெட்டிருக்கலாம். ஏன், ஒரு சால்டர் விரிசலாகக்கூட இருக்கலாம். சிலர் சந்தேகப்படும் சிப்பைக் கழற்றி வேறு வாய்ஸில் மாற்றிப் பொருத்தி, கோளாறும் கூடவே நகர்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த முறையில் பழைய போர்டின் தாமிரப் பட்டைகள் இரண்டு முறை சூடுபடும், பெயர்ந்து வர வாய்ப்பு அதிகம். ஆகவே எதையும் கழற்றாமல் ஆசிலாஸ்கோப்பால் தேடினேன். நான்காம் வாய்ஸில் 80017ஏ வரை அலை ஒழுங்காக வந்தது, கட்டுப்பாட்டு மின்னழுத்தங்களும் வந்தன, வெளியே மட்டும் ஒன்றுமில்லை. இரண்டாம் வாய்ஸிலும் உள்ளே சுத்தம், வெளியே கரகரப்பு. இரண்டிலும் குற்றவாளி 80017ஏ தான் என்பதில் இனி ஐயமில்லை.

இரண்டா, ஆறா

இந்த நிகழ்வில் அதிகம் யோசிக்க வைத்த முடிவு இதுதான். வழிகள் மூன்று. கெட்ட இரண்டை மட்டும் மாற்றுவது. ஆறையும் புதிதாகத் தயாரிக்கப்படும் மாற்றுச் சிப்புகளாக மாற்றிவிடுவது. அல்லது ஆறையும் எடுத்து, அசிட்டோனில் ஊறவைத்து, கெட்டுப்போன பூச்சை அகற்றிப் பழையவற்றையே திரும்பப் பொருத்துவது.

இரண்டை மட்டும் மாற்றுவது செலவு குறைவு. ஆனால் மற்ற நான்கின் பூச்சுக்கும் அதே வயதுதான். ஓராண்டில் அடுத்தது, பிறகு இன்னொன்று என்று ஒவ்வொரு முறையும் போர்டைத் திறந்து சூடுபடுத்த வேண்டிவரும். மாற்றுச் சிப்புகள் தரமானவை, நான் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் ஆறு வரவழைக்க ஆகும் செலவு உரிமையாளருக்குச் சுமை. தவிர, உள்ளே உயிரோடு இருக்கக்கூடிய பழையவற்றைத் தூக்கிப்போட அவருக்கு மனமில்லை.

எடுத்த முடிவு: ஆறையும் ஒரே தடவையில் வெற்றிட உறிஞ்சியால் கழற்றுவது, போர்டில் சாக்கெட் பொருத்துவது, சிப்புகளை ஊறவைத்துப் பூச்சை நீக்குவது, பிழைக்காதவற்றுக்காக மாற்றுச் சிப் இரண்டு மட்டும் வாங்கி வைப்பது. முக்கியமானது சாக்கெட்தான். போர்டு ஒரே முறை சூடுபட்டால் போதும், அதன்பின் எந்தச் சிப் கெட்டாலும் பிடுங்கிச் செருகலாம்.

அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். மூடிய கண்ணாடிப் பாட்டிலில், காற்றோட்டமான இடத்தில், அடுப்போ சால்டரிங் அயனோ பக்கத்தில் இல்லாமல் வைத்தோம். ஓரிரு நாளில் பூச்சு இளகியது. பொறுமையற்றவர் இந்தக் கட்டத்தில் கத்தியால் சுரண்டுவார், கூடவே உள்ளிருக்கும் நுண்ணுறுப்பும் வந்துவிடும். தானாக உரியாத இடத்தை மறுபடி ஊறவைப்பதே வழி. எல்லாம் உரிந்ததும் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலரவிட்டோம்.

பொருத்திப் பார்த்தபோது இரண்டாம் வாய்ஸின் கரகரப்பு முற்றிலும் போய்விட்டது. நான்காம் வாய்ஸ் எழவில்லை. அதற்கு மாற்றுச் சிப் ஒன்றைச் செருகினோம். ஆக ஐந்து பழையவை, ஒன்று புதியது.

ஆறும் ஒரே குரலில்

ஆறும் ஒலிப்பது ஒன்று, ஆறும் ஒன்றுபோல ஒலிப்பது வேறு. ஸ்லைடர்களைச் சுத்தம் செய்து, கருவியை நன்றாகச் சூடேறவிட்ட பிறகு ஃபில்டர்களை அமைத்தோம். ஃபில்டரின் ரெசனன்ஸ் என்ற ஸ்லைடரை முழுதாக ஏற்றினால் ஃபில்டரே தானாக ஒரு சுரம் பாடும். ஆறு ஃபில்டரும் ஒரே சுருதியில் பாடும்வரை ஒவ்வொரு வாய்ஸின் டிரிம்மர் என்ற சிறு திருகையும் நூலளவாகத் திருப்ப வேண்டும்.

இந்த வேலையை உரிமையாளரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்தேன். எண்கள் சரியென்று சொன்ன பிறகும் அவர், "நாலாவது மட்டும் கொஞ்சம் வெளிச்சமா கேக்குது" என்றார். புதிய சிப் இருந்த வாய்ஸ்தான். நான் எந்த எண் என்று அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் காதை நம்பி இன்னும் சற்றே இறக்கினோம். பிறகு ஆறு சுரக் கூட்டு ஒன்றைப் பிடித்து முதல் கோரஸைத் தட்டினார். உள்ளே இரண்டு சிறு சிப்புகள் ஒலியை மிக நுண்மையாகத் தாமதப்படுத்தி இடதும் வலதுமாக அசைக்கும் வேலை அது, கூடவே லேசாக ஒரு இரைச்சலும் வரும். அந்த இரைச்சலையும் குறைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நானும் அதையே சொல்லியிருப்பேன்.

மேடைக்கா, வீட்டுக்கா

கருவியைத் திரும்பக் கொடுக்கும்போது ஒரு கேள்வி மிஞ்சியது. அவருக்கு இதைத் திருவிழா மேடையில் வாசிக்க ஆசை. அவருடைய மேடைகளில் பாதிக்கு மேல் டீசல் ஜெனரேட்டரில் ஓடுபவை. சீரியல் விளக்குகள் ஒட்டுமொத்தமாக அணையும்போது, ஜெனரேட்டர் வேகம் பிடிக்கும் அந்த நொடியில் அழுத்தம் எவ்வளவு தாவும் என்பது யாருடைய கையிலும் இல்லை. ஸ்டெபிலைசரின் ரிலே திரும்புவதற்குள் அடி விழுந்துவிடும். அதோடு திறந்தவெளிப் பனி, புழுதி, வேன் பயணம்.

பூட்டி வைத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. வாசிக்கப்படாத சின்தசைசரில் ஸ்லைடர் இறுகும், கோளாறு ஒளிந்திருந்து வளரும். பேசி முடிவெடுத்தோம்: ஜெனரேட்டர் மேடைக்கு இது போகாது. நிலையான மின்சாரம் உள்ள உள்ளரங்கக் கச்சேரிக்கும் ஒலிப்பதிவுக்கும் போகலாம். வாரத்தில் சில நாளாவது வீட்டில் ஆன் செய்து, எல்லா ஸ்லைடரையும் ஒருமுறை முழுதாக நகர்த்தி வாசிக்க வேண்டும். திருவிழாக்களுக்கு, இந்த ஜூனோவிலிருந்தே தன் கையால் பதிவு செய்த ஒலிகளை மேடைக் கீபோர்டில் ஏற்றிக்கொள்ளட்டும்.

பின்னர் நடந்தது

வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் அழைத்தார். இப்போது ஆறாம் வாய்ஸில் இலேசான கரகரப்பு. சோதனை முறையில் தானே எண்ணைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் பேசினார். பூச்சை உரித்த பிறகு உறுப்புகள் வெறுமையாக இருக்கின்றன, அவர் வீட்டில் உப்புக்காற்று. இது ஈரப்பதத்தாலா, அந்தச் சிப்பே களைத்துவிட்டதா என்று பார்க்க, வெளியே எடுத்து ஆல்கஹாலில் கழுவி உலர்த்தினோம். மாற்றமில்லை. மீதமிருந்த மாற்றுச் சிப்பைச் செருகி, டிரிம்மரைத் திருத்தியதோடு வேலை முடிந்தது. சால்டரிங் அயன் தேவைப்படவே இல்லை. மற்ற நான்கு பழைய சிப்புகளுக்கும் அன்றே மெல்லிய ஈரத்தடுப்பு வார்னிஷ் பூசினேன்.

கருவி இப்போது ஒழுங்காக இருக்கிறது. அந்த ஜப்பானியக் கலைஞரின் ஒலிகளில் சிலவற்றை அவர் தன் பதிவுகளில் பயன்படுத்துகிறார். ஏ குழுவைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, பி குழுவில் தன்னுடையவற்றைச் சேர்த்து வருகிறார்.

இனி மாற்றிச் செய்யப்போவது

கடலோர வீடுகளுக்குப் போகும் கருவி என்றால், பூச்சு நீக்கிய சிப்புகளுக்கு ஈரத்தடுப்பு வார்னிஷை முதல் சுற்றிலேயே பூசுவதை வழக்கமாக்கியிருக்கிறேன். மாற்றுச் சிப் இரண்டுக்குப் பதில் மூன்றாக வாங்கச் சொல்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு இப்போது சொல்வது: விற்பவரிடம் சோதனை முறையில் ஆறு வாய்ஸையும் ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, திரையில் எண் தெரியும்படி காணொளி கேளுங்கள். ஒவ்வொரு சுரத்தையும் சில நொடி பிடித்து, விட்டபின் முழுதாக அடங்குகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆன் செய்து வைத்த பிறகு அதே சோதனையை இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் சரியாக ஒலித்துச் சூடேறியபின் கரகரக்கும் சிப்புகள் உண்டு. பின்பக்கத் தகட்டில் 100 என்று இருக்கிறதா, 117 என்று இருக்கிறதா, 220 அல்லது 240 என்று இருக்கிறதா என்பதைப் படமெடுத்துக் கேட்டு, கருவி வீடு வந்து சேருமுன் அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மரைத் தயாராக வைத்திருங்கள்.